டொரீன் நடு ஏரியில் நின்ற நாள்

களுபோவில ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்திரிகையில் வந்த விளம்பரம் ஒன்றைப் பேனையால் வட்டமிட்டு அம்மாவின் முன்னால் வைத்தார். இருபத்தாறு அடி கபின் போட், டீசல் எஞ்சின், பழையது, பொல்கொட ஏரியில் பார்க்கலாம், உரிமையாளர் வெளிநாடு போகிறார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, அண்ணாவுக்குப் பன்னிரண்டு. அப்பாவுக்கு வந்தது மாரடைப்பு. இரத்தக் குழாய்க்குள் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். எங்கள் இருவருக்கும் சொல்லப்பட்டது கேஸ்ட்ரிக். அதன்பிறகு எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் உறைப்பும் எண்ணெயும் குறைந்ததால் நாங்களும் சந்தேகப்படவில்லை. "எங்கட அப்பாவுக்குக் கடும் கேஸ்ட்ரிக்" என்று வகுப்பில் கொஞ்சம் பெருமையோடுகூடச் சொல்லித் திரிந்தேன்.

அப்பா கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். மொட்டை மாடிக்கு ஏறினால் துறைமுகம் தெரிகிற வீடு. கொடியைப் பார்த்தே கப்பல் எந்த நாட்டுடையது என்று சொல்லிவிடுவார். ஆனால் காப்புறுதிக் கம்பனியொன்றில் இருபத்திரண்டு வருஷம் மேசைக்குப் பின்னால் இருந்ததைத் தவிர, எதிலும் ஏறி எங்கும் போனதில்லை. அம்மா கணித ஆசிரியை. அப்பா மோட்டார் சைக்கிள் கேட்டபோது மறுத்தவர். மீன் தொட்டி வாங்குவதற்கே இரண்டு வருஷம் யோசித்தவர். அண்ணாவும் நானும் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்காகக் காத்திருந்தோம். அம்மா விளம்பரத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"போய்ப் பாப்பம்" என்றார்.

எங்களைவிட அப்பாதான் அதிகம் திடுக்கிட்டார்.

போட் ஒரு வயதான பறங்கியருடையது. மகளோடு இருப்பதற்காக மெல்பேர்ன் போகிறாராம். ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்த உடம்பு மஞ்சளித்துப்போய், நீர்மட்டத்துக்குக் கீழே பாசி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு படுக்கைகள், கை கழுவ ஒரு சின்னத் தொட்டி, பூப்போட்ட ஜன்னல் சீலை. பின்புறத்தில் நீல எழுத்தில் 'டொரீன்' என்று இருந்தது. டொரீன் அவருடைய மனைவியின் பெயர். மனைவி இறந்து நாலு வருஷம். பெயரை மட்டும் மாற்ற வேண்டாம் என்று கிழவர் கேட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது அம்மா, "இன்னொருத்தரின்ர மனுசியின்ர பேரை எழுதிக்கொண்டு திரியப்போறம்" என்று முணுமுணுத்தார். ஆனால் அந்தப் பெயர் கடைசிவரை அப்படியே இருந்தது.

எஞ்சினைப் பார்க்க மொரட்டுவையிலிருந்து ஒரு பாஸை அப்பா கூட்டி வந்திருந்தார். மெக்கானிக்கை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழும் சிங்களமும் கலந்து பேசுகிற, ஒல்லியான, எதற்கும் அவசரப்படாத மனிதர். வந்ததும் முதலில் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். விற்கிறவர்கள் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால் நோய் தெரியாதாம். எஞ்சின் குளிர்ந்துதான் இருந்தது. சாவியைத் திருப்பினார். வெள்ளைப் புகை வந்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கியது.

"வெள்ளைப் புகை நிண்டா பரவாயில்லை நோனா. நிக்காட்டித்தான் வருத்தம். நீலப் புகை எண்டா எஞ்சின் ஒயிலைக் குடிக்குது. கறுப்பு எண்டா மூச்சு முட்டுது" என்றார் அம்மாவிடம். அம்மாதான் கேட்டிருந்தார்.

அடுத்த கிழமை அம்மா ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினார். அதற்குப் பிறகு மூன்று மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் நாலு பேரும் பொல்கொடவில். பாஸ் அடிப்பாசியைச் சுரண்டினார், இற்றுப்போன ரப்பர் குழாய்களை மாற்றினார், எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் பம்பைக் கழற்றி உள்ளே சில்லுச் சில்லாக உடைந்து கிடந்த ரப்பர்ச் சக்கரத்தை எடுத்துக் காட்டினார். அம்மா பிளாஸ்டிக் கதிரையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "இது என்ன? இதை ஏன் கழட்டுறீங்கள்? எந்தப் பக்கம் திருப்பவேணும்?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார், படமும் கீறினார். அப்பா ஒரு டீசல் கேனைத் தூக்கினாலும் போதும், "வையுங்கோ அதை" என்பார். அப்பா வைத்துவிடுவார்.

எனக்கு அம்மாவில் கோபம் கோபமாக வந்தது. அப்பா ஆசைப்பட்டு வாங்கிய போட். அதை அம்மா தன் வகுப்பறையாக ஆக்கிக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

செய்யாமல் விட்ட வேலை ஒன்றே ஒன்று. டீசல் டாங்கியைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்றார் பாஸ். முப்பது வருஷத்து மண்டி அடியில் படிந்திருக்குமாம். அதற்கு இன்னும் இரண்டு கிழமை ஆகும். பள்ளிக்கூட விடுமுறையோ முடியப்போகிறது. அப்பா, "ஒருக்கா ஓடிப்போட்டு வந்து கழுவுவம்" என்றார். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவும் மறுக்கவில்லை. பாஸ் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"டீசல் எஞ்சின் எல்லாம் பொறுக்கும் நோனா. ஊத்தை டீசலும் காத்தும் மட்டும் பொறுக்காது" என்று சொல்லி, இரண்டு புதுப் பில்டர்களை அம்மாவின் கையில் கொடுத்தார்.

முதல் ஓட்டத்துக்கென்று குறித்த ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறையில் ஒரு கல்யாணம் என்று பாஸ் வரவில்லை. நாங்கள் நாலு பேரும் மட்டும் போனோம். அம்மா முட்டை சான்ட்விச்சும் தேத்தண்ணிப் பிளாஸ்கும் கொண்டுவந்திருந்தார். எங்களுக்கு மூச்சு முட்டுகிற அளவுக்கு லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிவிட்டிருந்தார். அப்பா சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் சீழ்க்கை அடித்து அன்றுதான் கேட்டேன்.

ஏரியின் நடுவுக்கு வந்தபோது ஒரு ஸ்பீட் போட் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. அதன் அலையில் டொரீன் இப்படியும் அப்படியும் ஆடியது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் இருமியது, வேகம் கூடிக் குறைந்தது, பிறகு நின்றுவிட்டது. டாங்கியின் அடியில் கிடந்த மண்டி கலங்கிப் பில்டரை அடைத்துவிட்டது.

சத்தம் நின்றதும்தான் காற்று இருப்பது தெரிந்தது. கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. போட் மெல்லத் திரும்பி, தூரத்தில் தெரிந்த பாலத்தின் பக்கமாகப் போகத் தொடங்கியது. அம்மா பாஸுக்குப் போன் எடுத்தார். அடித்துக்கொண்டே இருந்தது, கல்யாண வீட்டுப் பாண்ட் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

அப்பா நங்கூரத்தை எடுக்க முன்பக்கம் ஓடினார். அம்மா அவரைத் தாண்டி அண்ணாவைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ போடு" என்றவர் அப்பாவிடம், "நீங்கள் இருங்கோ" என்றார்.

"அவன் சின்னப்பெடியன், அது பாரம்" என்றார் அப்பா.

"அவன் போடுவான். நீங்கள் இருங்கோ."

அண்ணா துருப்பிடித்துச் சிக்கிக் கிடந்த சங்கிலியை இழுத்து இழுத்துப் பிரித்து நங்கூரத்தை உருட்டிவிட்டான். அது சேற்றில் கொஞ்சத் தூரம் இழுபட்டது, பிறகு பிடித்துக்கொண்டது. பாலத்தின் தூண்கள் எண்ணக்கூடிய தூரத்துக்கு வந்திருந்தன. அம்மா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு எஞ்சின் மூடியைத் திறந்தார்.

"உமக்கு ஏன், விடும். எனக்குத் தெரியும், நான் செய்யிறன்" என்றார் அப்பா.

"குனியப்படாது. கொப்பியைப் பிடிச்சு வாசியுங்கோ, அது போதும்."

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. கொப்பியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் அவமானப்பட்டதால் வியர்க்கிறது என்று நினைத்தேன். அம்மாவை முறைத்துக்கொண்டு போய் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, என்னுடைய சான்ட்விச்சை நீட்டினேன். அப்பா ஒரு கடி கடித்தார்.

அப்பா வாசித்தார், அம்மா கீழே இருந்து செய்தார். பழைய பில்டரைக் கழற்றியபோது தார் மாதிரி ஒன்று வழிந்தது. புதியதைப் போட்டார். காற்றை வெளியேற்றும் சிறிய ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பைப் பெருவிரலால் அமத்தி அமத்தி அடித்தார். ஸ்குரூவின் வாயில் நுரை நுரையாக வந்தது. நடுநடுவே வேலையை விட்டுவிட்டுத் தலையை வெளியே நீட்டி அப்பாவைப் பார்த்தார்.

"நெஞ்சு எரியுதோ?"

"இல்லை."

"கை உளையுதோ?"

"இல்லையெண்டுறன்."

எஞ்சினைப் பார்க்கச் சொன்னால் இவர் ஏன் கேஸ்ட்ரிக்கைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. முதல் மழைத்துளிகள் விழுந்தன.

நுரை நின்று டீசல் தெளிவாக வந்ததும் அம்மா ஸ்குரூவை இறுக்கினார். "இப்ப சாவியைத் திருப்புங்கோ" என்றார். அப்பா திருப்பினார். எஞ்சின் சுழன்றது, பற்றவில்லை. இரண்டாம் முறையும் பற்றவில்லை. அம்மா இன்னொரு இடத்தில் எதையோ தளர்த்தி, திரும்பவும் அடித்து, திரும்பவும் இறுக்கினார். மூன்றாம் முறை டொரீன் குலுங்கிக் குலுங்கி உயிர்பெற்றது. வெள்ளைப் புகை வந்தது. நாலு பேரும் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது மெல்ல மெல்ல அடங்கியது.

"நிண்டிட்டுது" என்றான் அண்ணா. அப்பா சிரித்துவிட்டார். நானும் கோபத்தை மறந்து சிரித்தேன். அண்ணா நங்கூரத்தை இழுத்தான். அப்பா சுக்கானைப் பிடித்தார். கொட்டுகிற மழையில், நடந்து போகிற வேகத்தில் கரைக்கு வந்து சேர்ந்தோம்.

டொரீன் ஆறு வருஷம் எங்களோடு இருந்தது. டாங்கி கழுவிய பிறகு ஒருநாளும் நடுவில் நிற்கவில்லை. அப்பா இன்றைக்கும் காலையில் வெள்ளவத்தைக் கடற்கரையோரமாக நடந்து போய் வருகிறார்.

அன்று இறங்குதுறையில் நடந்தது மட்டும் எனக்குப் பல வருஷம் வெட்கமாக இருந்தது. கரையில் இறங்கியதும் அம்மா அப்பாவை அங்கிருந்த கொட்டிலுக்குள் ஒரு கதிரையில் இருத்தி, எல்லோருக்கும் முன்னால் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். மழைக்கு ஒதுங்கியிருந்த ஒரு குடும்பமே பார்த்துக்கொண்டு நின்றது. அம்மாவின் விரல்களிலிருந்த கறுப்பு ஒயில் அப்பாவின் வெள்ளைச் சட்டைக் கையில் அப்பியது. அம்மா தன்னுடைய கை மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது என்று பார்க்கிறார் போல என்று நினைத்தேன். அண்ணாவும் நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஒரு நிமிஷம் கழித்து அம்மா கையை விட்டுவிட்டு, பெரிய மூச்சொன்று விட்டு, "சரி, தேத்தண்ணியை ஊத்துங்கோ" என்றார்.

பெற்றோர் கை கோத்துக்கொண்டிருந்ததாகத்தான் வெகுகாலம் நம்பியிருந்தேன். மாரடைப்பு விஷயம் தெரியவந்த பிறகு, நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள், அன்றைக்கு நாடித்துடிப்பு எவ்வளவு இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா யோசிக்கவே இல்லை.

"எழுபத்தாறு" என்றார்.