விறகு அடுக்கிய சுவர்

அன்று அங்கே இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், எங்கள் இரண்டு பிள்ளைகள், கொழுந்தன் சிவா, அவன் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த நிரோஷா, பாகம் பிரித்துப் பேச வந்த தோட்டத் தலைவர். செத்துப்போன மாமியார் மாலை போட்ட படத்தில் இருந்தார். அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை பேரில், சமைக்கும் குசினியின் சுவர் பிளந்திருப்பதை அறிந்தவள் நான் ஒருத்திதான். அறிந்தே, நாங்கள் எல்லோரும் குடியிருந்த அந்த வரிசை வீட்டை, லயத்துக் காம்பிராவை, சிவாவின் தலையில் கட்டினேன். விலையும் பேசினேன்!

யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன், காய்ச்சலில் இறப்பர் பால் வெட்டப் போகாமல் படுத்திருந்தேன். மண்சரிவு பார்க்கும் சிங்கள அதிகாரி, ஒரு மாத்தயா, வந்தார். எங்களுடையது லயத்தின் கடைசிக் காம்பிரா. குசினிக்குப் பின்னால் மண்மேடு. வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தவர், "பெருமழை பெய்தால் இங்கே இருக்காதீர்கள். வீட்டு ஆட்களிடம் இன்றைக்கே சொல்லுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார்.

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். விளங்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது...

ஏன் சொல்லவில்லை? தெஹியோவிட்ட பஸ் போகும் பாதையோரம் எங்களுக்குப் புது வீடு கிடைத்திருந்தது. சின்ன வீடு. சொல்லியிருந்தால் சிவாவும் நிரோஷாவும் எங்களோடு வந்திருப்பார்கள். மறுபடியும் ஒரே அடுப்பு! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் என் புருஷனோடும் பிள்ளைகளோடும் மட்டும் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. இப்போது கார்மெண்டுக்குத் தைக்கப் போகும் பெண்பிள்ளைகள் கல்யாணம் பேசும்போதே தனிக் குடித்தனம் கேட்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்குக் கேட்கத் தெரியவில்லை. மறைக்கத்தான் தெரிந்தது.

வெடிப்புத் தெரியாதபடி கூரை வரைக்கும் இறப்பர் விறகை அடுக்கினேன். அப்புறம்தான் தலைவரைக் கூப்பிடச் சொன்னேன்.

"என்னம்மா, புதுப் பொண்ணு கைப்பக்குவம் கூட இன்னும் பாக்கல. அதுக்குள்ள ரெண்டு அடுப்பா?" என்று தலைவர் சிரித்தார்.

"அண்ணி சோத்துலயே ரெண்டு சுத்து பெருத்துட்டேன் தலைவரே. இனி நிரோஷா சமைப்பா, தானா எளச்சிருவேன்" என்றான் சிவா.

"அப்ப அக்கா கூடவே போயிருங்க. எனக்கு அரிசி மிச்சம்" என்றாள் நிரோஷா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்!

குசினியை நாங்கள்தான் இழுத்துக் கட்டியிருந்தோம். தகரத்துக்கும் சீமெந்துக்கும் ஆன செலவை நான் கேட்டேன். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் எண்பதாயிரம் என்று தீர்த்தார். மாதம் ஐயாயிரம். "அண்ணிக்கு இல்லாத காசா?" என்று சிவா ஒத்துக்கொண்டான். நான் அந்த வீட்டுக்கு வந்தபோது அவன் கால்சட்டை போட்ட பையன். என் கையால் சோறு தின்று வளர்ந்தவன்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். பஸ் பிந்தினால் பயம், நாய் ஊளையிட்டால் பயம். புது வீட்டுக்கு வந்த பிறகு, வானம் இருட்டினாலே சிவாவுக்குப் போன் எடுப்பேன். "குசினிப் பக்கம் படுக்காதீங்கப்பா" என்பேன். "அண்ணிக்கு மழையும் பேய்தான்!" என்று அவன் சிரிப்பான். காரணத்தை மட்டும் சொல்லமாட்டேன். காரணம் இல்லாத பயத்தை யார் மதிப்பார்கள்?

நிரோஷா இப்போது மாதமாக இருக்கிறாள். கரவனெல்ல ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள்.

இன்று பின்னேரம் சிவாவே போன் எடுத்தான்.

"அண்ணி, விறகையெல்லாம் வெளிய எடுத்துட்டேன். புள்ளைக்குத் தொட்டில் கட்ட அந்த எடந்தான் சரி, அடுப்புச் சூடும் இருக்கும். சொவர்ல ஒரு வெடிப்பு அண்ணி... என் கையே உள்ள போகுது. நீங்க பயந்துறாதீங்க, சீமெந்து வச்சுப் பூசிட்டேன். நாளைக்கு இந்த மாசக் காசோட வாறேன்."

வாயைத் திறந்தேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது... "எப்பருந்து தெரியும் அண்ணி?" என்று அவன் கேட்பானே! அதற்கு என்ன சொல்வேன்?

"சரிப்பா" என்றேன். அவ்வளவுதான்.

இப்போது மழை பிடித்துவிட்டது. தகரத்தில் விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சும் கேட்கவில்லை. போனைக் கையில்தான் வைத்திருக்கிறேன். இன்னும் சிவாவுக்கு எடுக்கவில்லை. நீங்களாக இருந்தால் எடுத்திருப்பீர்கள், இல்லையா?

அந்தக் குசினிக்காகச் சிவா எனக்கு இன்னும் முப்பத்தையாயிரம் ரூபாய் தர வேண்டும்.