மாரப்பன் வைத்த பூட்டுத் தகடு

மாரப்பனின் மகள் ஆட்டையாம்பட்டியிலிருந்து வந்து வாசலில் நின்றாள். “அப்பன் முந்தாநேத்து போயிட்டாருங்க அம்மணி. இதெ உங்ககிட்டக் குடுக்கச் சொல்லியிருந்தாரு” என்று ஒரு சிறு இரும்புத் தகட்டை நீட்டினாள். அது என்னவென்று எனக்குத் தெரியும். சூரமங்கலம் மில்லில் மாரப்பனோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

என் கணவர் அந்த மில்லின் இன்ஜினியர், மாரப்பன் இயந்திரங்களைப் பொருத்திப் பழுது பார்க்கும் பிட்டர். புதிய பாய்லருக்கு நீராவி வால்வுகள் வாங்கும்போது இருவருக்கும் வாக்குவாதம். வால்வின் தலையில் சக்கரத்தையும் அதன் தண்டையும் தாங்கி நிற்கும் மூடியைப் பானெட் என்பார்கள். என் கணவர் மரையில் திருகி ஏற்றும் பானெட்டையே விரும்பினார். அடக்கமானது, சுவரோரம் இடம் அடைக்காது.

“தண்ணிக் குழாய்க்கு அது போதுமுங்க சாமி. ஆவிக்குச் சுத்தியும் போல்ட் போட்டு முடுக்கற மூடிதானுங்க வேணும். சக்கரம் இறுகிப்போச்சுன்னா மூடியும் சேந்து கழண்டுக்குமுங்க” என்றார் மாரப்பன்.

“உனக்கு வேணுங்கறது வால்வா, தேரா?” என்று என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் விரும்பிய திருகு பானெட் வால்வுகளே வந்தன. மாரப்பன் ஒவ்வொரு பானெட்டுக்கும் ஒரு தகடு அடித்து, அது சுழலாதபடி வால்வின் உடலோடு பூட்டினார்.

ஆயுத பூசைக்கு வர்ணம் அடிக்கவென்று என் கணவர் அந்தத் தகடுகளைக் கழற்ற வைத்தார். மறுநாள் காலை, முதலாளி வருமுன் இயந்திரம் ஓடவேண்டும் என்று அவசரப்பட்டார். பாய்லரில் ஆவி ஏறிவிட்டது. கருவிகளோ இன்னும் பூசையில் இருந்தன.

“மறுபூசை முடியட்டுங்க சாமி. ஸ்பேனரை எடுத்துத் தகட்டை மாட்டீட்டு ஆவியத் தொறந்து உடலாமுங்க.”

என் கணவர் கேட்கவில்லை. வர்ணம் காய்ந்து ஒட்டிய சக்கரத்தை இரண்டு கைகளாலும் திருப்பினார். மூடியே கழன்றது. மாரப்பன் அவரைத் தள்ளிவிட்டுத் தான் ஆவியில் அகப்பட்டுக்கொண்டார். இடது கண்ணும் பாதி முகமும் வெந்துபோயின.

விபத்து அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதியவள் நான். கான்வென்டில் பழகிய கையெழுத்து. ஒரு பிழை கிடையாது. பிட்டரின் கவனக்குறைவு என்று என் கணவர் சொன்னார், எழுதினேன். மாரப்பனை வேலையிலிருந்து நீக்கினார்கள். நீங்களும் வாய் திறக்கவில்லை. இப்போது அவர் சாவுக்கு மாலையோடு போனீர்களாம்.

பல வருடம் கழித்து அவரைச் சந்தையில் பார்த்தேன். “அதை எழுதினது நான்தான், தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியுமுங்க அம்மணி. எனக்குப் படிக்கத்தான் தெரியாது. சாமி கையெழுத்து அத்தன நேரா வராதுங்களே” என்றார்.

என் கணவர் உயிரோடு இருந்தவரை நான் பேசாததற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன். அவர் போன பின்னும் பேசாததற்கு ஒரு பெயரும் அகப்படவில்லை.

இந்தத் தகட்டை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளமாட்டேன். எதையும் அது இருக்கவேண்டிய இடத்தில் வைப்பவர் மாரப்பன். இனி இது என் எழுதும் மேசையில் இருக்கும். அவர் மகளுக்கு யாராவது படித்துக் காட்டட்டும் என்று தமிழில் எழுதுகிறேன்: தகடுகளைக் கழற்றச் சொன்னவர் என் கணவர். பொய் எழுதியவள் நான். மாரப்பன்மேல் ஒரு குற்றமும் இல்லை.