தவளைக்கு இடம் பார்த்த கதை

அநியாயம் இழைக்கப்பட்டது கொடைக்கானல் மேல்மலைத் தவளைகளுக்கு. இழைத்தவர் வனத்துறை அதிகாரி ஒருவர். மூன்று சதுப்புகளில் ஒன்றை மரம் நடாமல் விட்டுவைக்கிறோம், எது என்று நீங்களே சொல்லுங்கள் என்று எங்கள் பல்கலைக்கழகத்தைக் கேட்டவரே, நான் சொல்வதற்கு முன்பே கிளாவரைச் சதுப்பைத் ‘தரிசு’ என்று முடிவுகட்டி, தோல் பதனிடப் பட்டை தரும் சீகை மரம் நட ஆள் கூட்டி வைத்திருந்தார். எழுபதுகளின் கடைசி அது. தவளை ஆராய்ச்சியில் தவளையைத் தவிர எல்லோரும் நமக்குப் புத்தி சொல்வார்கள். பூச்சி, பாசி, பாம்பு என்று அலையும் சகோதரிகளுக்கு இது தெரியாததல்ல.

லேக் வியூ

கொடைக்கானலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் லாட்ஜ் புரோக்கர் ஒருவர் என் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். ரூம் வேண்டாம், இடம் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். சும்மா இருந்திருக்கலாம். லேக் வியூ, வேலி வியூ என்று மனைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு வேண்டியது வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற சேற்றுப் பள்ளம் என்று விளக்கினேன். பெட்டியைக் கீழே வைத்தார்.

“நான் மறைச்சு மறைச்சு விக்கிற இடத்தை, கேட்டு வந்த முதல் பார்ட்டி நீங்கதான் மேடம்.”

பூண்டுக்காட்டு உபகாரம்

மூன்று சதுப்புகளையும் சுற்றிப் பார்த்ததில் தவளை வகைகள் அதிகம் இருந்தது கிளாவரையில்தான். சதுப்போரம் பூண்டு போட்டிருந்த சம்சாரியிடம், இங்கே தவளை நிறையக் கத்துமா என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. பட்டணத்துப் பெண்ணுக்குத் தூக்கம் கெட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

“பூண்டுக்கு அடிச்ச மருந்து மிச்சம் கெடக்கு தாயி. வெள்ளனே அடிச்சு விட்டுர்றேன், நாளைக்கு ஒரு சத்தம் கேக்காது.”

தரிசு

அவரைத் தடுத்து நிறுத்திவிட்டு வந்தால், அதிகாரி ஜீப்பில் வந்து நிற்கிறார். வகைகளைச் சொன்னேன், வாதாடினேன்.

“டவுன் பக்கம் ரோட்டோரமா ஒண்ணு இருக்கே, போட்டோவுக்கு நல்லா இருக்கும். அதை எழுதும்மா. இது வெறும் தரிசு.”

“ஒண்ணும் விளையாததுதான் சார் தரிசு. இங்க தவளை விளையுது.”

“தவளை பேர்ல பட்டா இருக்கா?” என்றவர், எங்கே குழி எடுப்பது என்று காட்ட ஜீப்பைச் சதுப்புக்குள்ளேயே விடச் சொன்னார். டிரைவர் தயங்கினார். “தரிசுதானேய்யா, விடு.”

ஜீப் கொஞ்ச தூரம் முன்னால் போனது. அப்புறம் கீழே போனது. மரம் நட வந்த ஆட்கள் தள்ள, பூண்டுக்காரர் மாடு பூட்டி இழுக்க, சக்கரம் இன்னும் இறங்கியது. என் வாதத்துக்கெல்லாம் அசையாதவர், முழங்கால் சேற்றில் நிஜமாகவே அசைய முடியாமல் நின்றார். இதை என்னவென்று எழுதட்டும் சார் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டேன்.

“தரிசுன்னு மட்டும் எழுதிராதம்மா, தரிசுல எப்படிய்யா ஜீப் முங்குச்சுன்னு என்னைத்தான் கேப்பாங்க. பெரிய சதுப்புன்னு எழுது. பாதுகாக்க வேண்டியதுன்னும் எழுதிக்க.”