திரும்ப வருகிறதா என்று பார்த்தவர்

கீரனூர் பஸ் ஸ்டாண்டில் புதுக்கோட்டை வண்டிக்கு நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. கம்பெனி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் செல்வி. "சார், நைனா சார் போயிட்டாங்க. காலைல தொழுதுட்டு வந்து உக்காந்தவங்க, அப்புடியே." நான் புதுக்கோட்டை போய் அங்கிருந்து மணமேல்குடிக்கு வண்டி மாறினேன். போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

இதைப் படிக்கும் பலருக்கு நைனா முகமதுவைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இறாலைப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் எங்கள் கம்பெனியின் கணினிகளைப் பதினோரு ஆண்டு காத்தவர் அவர். நான் அரசு வேலையில் ஓய்வு பெற்றபின் அங்கே ஆவணப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தேன். புகழ்ந்து எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவர் இறந்த மறுநாள் நிர்வாகம் ஒட்டிய இரங்கல் அறிவிப்பைப் பார்த்தபின் என்னால் புகழ்ச்சியோடு நிறுத்த முடியவில்லை. அதில் ஒரு வரி: "ஒரு சமயம் அவரிடம் பெரும் தவறு நேர்ந்தபோதும் நிர்வாகம் அவரைக் கைவிடவில்லை."

அது பொய். பொய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு.

கம்பெனியில் ஒரே பெரிய இயந்திரத்துக்குள் ஏழு சர்வர்கள் ஓடின. தனித்தனிப் பெட்டிகள் இல்லை; ஒரு பெட்டிக்குள் ஏழு இருப்பதுபோல் மென்பொருள் நடத்துவது. எனக்குப் புரியவில்லை என்றபோது நைனா சிரித்தார். "ஒரே வீட்டுல ஏழு குடித்தனம் சார். வீட்டுல தீப்பிடிச்சா ஏழு அடுப்பும் போச்சு. அதான் ஏழுக்கும் வெளிய ஒரு நகல் வேணுங்கிறது."

நகல் எடுப்பதோடு அவர் நிற்கமாட்டார். சனிக்கிழமை காலை தோறும் ஏதாவது ஒரு சர்வரின் நகலை, மூலையில் கிடந்த ஒரு பழைய இயந்திரத்தில் இறக்கி ஓடவிடுவார். பிறகு அந்தத் துறையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு ஒரு கோப்பைத் திறக்கச் சொல்வார். செல்விதான் அதிகம் மாட்டுவார்.

"செல்விம்மா, போன மாச ரிப்போர்ட்டு ஒண்ணத் தொறங்க."

"நேத்துதான சார் தொறந்தேன்?"

"நேத்து தொறந்தது அசலு. இது நகலு. அசலு போற அன்னிக்கு என்னயத்தான தேடுவீங்க?"

"அன்னிக்கு நான் லீவு சார். மேனேஜர்தான் ஒங்களத் தேடுவாரு."

செல்வி சிரித்துக்கொண்டே திறப்பார். எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, சரி என்று நோட்டில் கையெழுத்துப் போடுவார். "எடுத்து வைக்கிறது வேலையில்ல சார், திரும்ப வருதான்னு பாக்குறதுதான் வேலை" என்று நைனா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

நகல் எடுக்க நல்ல மென்பொருளாக ஒன்று வாங்குவது என்று நிர்வாகம் முடிவு செய்தது. தேர்வுக்குழுவில் பொது மேலாளர், நைனா, நான். முறையாக எழுதிவைப்பேன் என்று என்னைச் சேர்த்தார்கள். மூன்று மென்பொருள்களை மாதத்துக்கு ஒன்றாக ஓட்டிப் பார்த்தோம். நான் மதிப்பெண் தாள் ஒன்று தயாரித்தேன். இருபத்திரண்டு கட்டங்கள், கட்டத்துக்குப் பத்து மதிப்பெண். திரை பார்க்க எளிதா, போனுக்குத் தகவல் வருமா, கையேடு உண்டா, பயிற்சி தருவார்களா, எத்தனை வகை அறிக்கை என்று நீளும். எடுத்த நகல் திரும்ப வருகிறதா என்பது அதில் ஒரு கட்டம். கையேட்டுக்கு எத்தனை மதிப்பெண்ணோ அதற்கும் அத்தனையே. அந்தத் தாளைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது. கோடுகளை அடிக்கோல் வைத்துப் போட்டிருந்தேன்.

இரண்டாவதாக வந்த மென்பொருள் அழகாக இருந்தது. ஒவ்வொரு சர்வருக்கும் எதிரே பச்சை நிறத்தில் ஒரு குறி. ஆனால் சனிக்கிழமை இறக்கிப் பார்த்தபோது ஆறு சர்வர்கள் எழுந்தன; ஏழாவது எழவில்லை. அது எந்தப் பெட்டி இறால் எந்தக் குட்டையிலிருந்து எந்த நாளில் வந்தது என்ற பதிவேடு இருக்கும் சர்வர். அந்தப் பதிவேடு இல்லாமல் எங்கள் சரக்கு எந்தத் துறைமுகத்திலும் இறங்காது. விற்க வந்தவர் அடுத்த பதிப்பில் சரியாகிவிடும் என்றார். நான் ஏழில் ஆறு வந்துவிட்டதே என்று பத்துக்கு எட்டு போட்டேன்.

நைனா தாளை வெகுநேரம் பார்த்தார். "ஏன் சார், ஏழு பேரு ஒரு போட்டுல கடலுக்குப் போயி ஆறு பேரு கரைக்கு வந்தா, எங்க ஊருல அதுக்குப் பத்துக்கு எட்டுன்னு போடுவாகளா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் சொன்னது சரி என்று அந்த நிமிடமே தெரிந்தது. மாற்றலாம் என்றுதான் மேலாளரிடம் போனேன். ஆனால் தாள் எனக்கு முன்னமே அவர் மேசைக்குப் போயிருந்தது. கூட்டுத்தொகையில் அந்த இரண்டாவதுதான் முதலிடம்.

"மார்க்கு நீங்க போட்டது சார்" என்றார் மேலாளர். "இப்ப அவரு சொல்றாருன்னு மாத்துனா, ஒங்க தாளுக்கு என்ன மரியாதை?"

மரியாதை என்ற சொல்லுக்கு நான் எப்போதும் பயந்தவன். தலையாட்டினேன். நைனா ஒரு பக்கத்தில் தன் மறுப்பை எழுதிக் கையெழுத்திட்டு அறிக்கையோடு வைக்கச் சொல்லிக் கொடுத்தார். எளிய தமிழில் எட்டு வரி. ஏழாவது சர்வர் திரும்பவில்லை, எடுத்ததைத் திருப்பித் தராத மென்பொருளை வாங்குவதும் வாங்காமலிருப்பதும் ஒன்று, ஏழையும் திருப்பித் தந்த மூன்றாவதைப் பரிந்துரைக்கிறேன். அவ்வளவுதான்.

"அந்தப் பக்கம் வேணாம்" என்றார் மேலாளர். "பைண்டிங்குக்கு அனுப்பும்போது எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன். இங்கே நான் கூசாமல் எழுதவேண்டிய வாக்கியம் அது ஒன்றுதான். அறிக்கையில் குழு ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது என்று இருக்கும். தட்டச்சு செய்தவன் நான்.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில், பகல் பதினோரு மணிக்கு மின்சாரம் போய்ப் போய் வந்ததில் அந்த இயந்திரத்தில் தகவல் பதிந்திருக்கும் வட்டுகள், அதாவது ஹார்ட் டிஸ்க்குகள், கெட்டன. புதிய மென்பொருளில் ஏழு பச்சைக் குறிகளும் அப்படியே இருந்தன. ஆறு சர்வர்கள் எழுந்தன. ஏழாவது எழவில்லை. ஒரு கண்டெய்னர் துறைமுகத்தில் நின்றது. மேலாளர் சர்வர் அறை வாசலில் நின்று எல்லோர் முன்னிலும் கத்தினார்: "பச்சையா காட்டுதுன்னு தெனம் சொன்னீங்கள்ல?"

"பச்சைன்னு அது சொல்லுச்சு சார். நான் சொல்லல" என்றார் நைனா. குரலை உயர்த்தவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு வட்டை எடுத்தார். பழைய முறையை நிறுத்தும்படி உத்தரவு வந்திருந்தும், பதிவேட்டை மட்டும் சனிக்கிழமை தோறும் தனியே அதில் பிரதி எடுத்து, இறக்கியும் பார்த்து வந்திருக்கிறார். மாலைக்குள் எட்டு ஆண்டுப் பதிவேடு திரும்ப வந்தது. கடைசி ஐந்து நாள் மட்டும் இல்லை. அதையும் செல்வியும் மற்றவர்களும் கையால் எழுதிய சீட்டுகளைப் பார்த்து ஏற்றினார்கள். சரக்கு போய்ச் சேர்ந்தது.

அந்த வாரமே அவருக்கு இரண்டு மெமோ வந்தன. தொலைந்த ஐந்து நாளுக்கு ஒன்று. கம்பெனியின் தரவை அனுமதி இல்லாத வட்டில் வைத்திருந்ததற்கு இன்னொன்று. அந்த வட்டு இல்லையென்றால் கம்பெனியே இல்லை. அதைக் குற்றம் என்று எழுத ஒரு கை எழுந்தது. கையெழுத்துப் போட இன்னொரு கை எழுந்தது. மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அறிக்கை இருக்கிறது, 'ஒருமனதாக'. பிறகு அவரைச் சர்வர் அறையிலிருந்து எடுத்து வாசலில் வருகைப்பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இரண்டு ஆண்டுகள், இறக்கும்வரை அங்கேதான். இதைத்தான் கைவிடவில்லை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள்.

அவர் அங்கே மாற்றப்பட்ட சில நாளில் நான் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பாதியிலேயே கையமர்த்தினார்.

"விடுங்க சார். நீங்க பயந்த மனுசரு. பயந்தவுகளக் கோவிச்சு என்னத்தக் காணப்போறேன்? டீ சாப்புடுறீங்களா?"

நான் டீ குடித்தேன். ஒரு வார்த்தை அவர் திட்டியிருக்கலாம்.

மணமேல்குடி வீட்டில் அன்று அவருடைய மகள் என்னை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். கணினிப் படிப்பை முடித்து வேலை தேடும் பெண். தெருவில் சிலர் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறார்.

"சார், நீங்க அத்தாவோட கமிட்டில இருந்தீங்களாம்ல. நெசமாச் சொல்லுங்க. தப்பு அத்தா மேலயா?"

"இல்லம்மா" என்றேன்.

"அப்ப யார் மேல?"

எழுபத்தொரு வயதில் ஒரு பெண் பிள்ளையின் கேள்விக்கு நான் தரையைப் பார்த்தேன். பதில் சொல்லாமல் பஸ் ஏறினேன். மறுநாள்தான் செல்வி அந்த அறிவிப்பைப் படம் எடுத்து அனுப்பினார். அதைப் படித்த பிறகு, நான் எதையும் தூக்கிப் போடாதவன் என்பதால் கோப்புக்குள் கிடந்த அந்த எட்டு வரிப் பக்கத்தை எடுத்துக்கொண்டு மறுபடி மணமேல்குடி போனேன்.

"என் மேலம்மா" என்று சொல்லிக் கொடுத்தேன். "கடைசி முடிவு மேலாளரோடது. ஆனா ஒங்க அத்தா எழுதுனத உருவி எடுத்தது நான்."

அந்தப் பெண் நின்றபடியே இரண்டு முறை படித்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம்.

அந்த அறிவிப்பிலிருந்து அந்த வரியை எடுக்கவேண்டும், 'ஒருமனதாக' என்பது பொய் என்று எழுதித் தரவேண்டும் என்று நிர்வாகத்துக்குப் பதிவுத்தபால் அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. அவரோடு வேலை பார்த்த நீங்களும் எழுதுங்கள். சனிக்கிழமைகளில் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

பக்கம் மகளிடம் போய்விட்டது. வட்டைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. என்னிடம் இருப்பது, நைனா முகமது யார்மீதும் காட்டாமல் வைத்துவிட்டுப் போன கோபம். எனக்குக் கோபப்பட்டுப் பழக்கமில்லை. இப்போதுதான் கற்றுக்கொண்டு வருகிறேன்.