உப்புப் பார்த்தவரின் மூச்சு

அபுல் ஹஸன் வருடம் முழுக்க வீரமுனைப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் கட்டுகிற கூலிக்காரர். நோன்புப் பிறை கண்டுவிட்டால் மட்டும் அவர் வேறு ஆள். சாய்ந்தமருதில், கடலைப் பார்த்த ஒரு சின்னப் பள்ளிவாசலின் பின்வளவில் பெரிய கிடாரத்துக்கு முன்னால் அகப்பையோடு நிற்பார். அந்த வட்டாரமே நோன்பு திறப்பது அவர் காய்ச்சுகிற கஞ்சியில்தான்.

நோன்பு பிடித்துக்கொண்டே கஞ்சி காய்ச்சுகிறவருக்கு ஒரு பெரிய சிக்கல் உப்பு. நுனிநாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்து உடனே துப்பிவிடலாம், தொண்டைக்குள் இறங்கக் கூடாது, அவ்வளவுதான். ஊருக்கே அண்ணன் முறையான ஹஸன் காக்கா அதில் கைதேர்ந்தவர். இத்தனை காலத்தில் உப்புக் கூடியதுமில்லை, ஒரு துளி உள்ளே போனதுமில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். கொஞ்சம் பெருமைக்காரர்தான். அதுகூட இல்லாமல் மனிதன் அந்த வெக்கையில் எப்படி நிற்பது?

ஆனால் விறகுப் புகை சும்மா விடுமா? வீட்டுத் தேவைகளுக்கும் கலியாணங்களுக்கும் அவரைத்தான் சமைக்கக் கூப்பிடுவார்கள். வருடக் கணக்காகக் குடித்த புகை, ஒரு மழைகாலத்தில் தன் வேலையைக் காட்டியது. நாலு எட்டு நடந்தால் மூச்சு முட்டியது. படுத்தால் முட்டியது. கல்முனையில் நெஞ்சு கிளினிக்கில், வாயில் வைத்து மருந்தை மூச்சோடு இழுக்கிற பம்ப் இரண்டு கொடுத்தார்கள். மண்ணிறமானது காலையும் மாலையும் இழுக்க, நீலம் முட்டும்போது இழுக்க. நல்ல சுகம் கண்டது. பிறகு நோன்பு வந்தது.

மனைவி ஸகியா விடவில்லை.

“பம்ப அடிச்சீங்களா?”

“ஓம், அடிச்சன்.”

பொய் இல்லை. அடித்தார்தான். உப்புப் பார்க்கிற கணக்கிலேயே அடித்தார். வாய்க்குள் ஒரு தரம் அடிப்பது, மூச்சை இழுக்காமல் கன்னத்துக்குள் வைத்திருப்பது, கிணற்றடிக்குப் போய்த் துப்பிக் கொப்பளிப்பது. மருந்துக்கு மருந்துமாச்சு, நோன்புக்கு நோன்புமாச்சு என்று மனுசனுக்கு ஒரே நிம்மதி. மருந்து என்றால் வயிற்றுக்குள் போகிற சாமான் என்றே அவர் நம்பியிருந்தார். வாயில் பட்டாலே கொஞ்சம் ஊறும்தானே?

ஊறவில்லை. பத்து நோன்பு தாண்டுவதற்குள் அவர் உட்கார்ந்தபடி தூங்கத் தொடங்கினார். ஸகியா பயந்துபோய் அவரைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே பூமணி மிஸ் என்றொரு தாதி. வீரமுனைப் பிள்ளை. ஹஸன் காக்கா தண்ணீர் கட்டுகிற வயலில் ஒரு துண்டு அவளுடைய தகப்பனுடையது. 

“பம்ப எப்பிடி அடிக்கிறீங்க காக்கா? அடிச்சுக் காட்டுங்க பாப்பம்.”

அவர் ஒரு தரம் அடித்தார். கன்னத்தை உப்பினார். கைகழுவும் பேசினில் துப்பிவிட்டு நல்ல பிள்ளை போல நிமிர்ந்தார்.

பூமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய கழுத்துச் சதை ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஸகியா தலையில் கை வைத்தாள்.

“தொண்டைக்குள்ள ரெண்டு வழி இருக்கு காக்கா. பின்னால இருக்கிறது சோத்து வழி. முன்னால இருக்கிறது காத்து வழி. விழுங்கக்குள்ள காத்து வழிய ஒரு மூடி வந்து மூடும். அது பிந்தினாத்தான் புரைக்கேறுற. இந்த மருந்து காத்து வழியாலதான் போகணும். காத்து வழி நெஞ்சுக்குள்ள ரெண்டாப் பிரிஞ்சு, ரெண்டு சுவாசப்பைக்கும் போகும். பிறகு நம்மட வாய்க்கால் மாதிரிப் பிரிஞ்சு பிரிஞ்சு, கடைசியில மயிரளவு குழாய். அதிட நுனியில குமிழ் குமிழாச் சின்னப் பைகள், கோடிக்கணக்குல. அந்தப் பையளச் சுத்தித்தான் இரத்தம் ஓடுது. காத்தில இருக்கிற ஒட்சிசன் அங்கதான் இரத்தத்துக்குள்ள இறங்குது.”

“அப்ப வயலுக்குத் தண்ணி பாயிற மாதிரித்தான்.”

“அதுதான் இல்ல. வயலுக்குப் போன தண்ணி வடிச்சல் வாய்க்காலால போயிடும். காத்துக்கு வடிச்சல் இல்ல. போன வழியாலதான் திரும்பணும். உங்கட சின்னக் குழாயெல்லாம் புகையில வீங்கி, சளி கட்டி ஒடுங்கிப் போய்க் கிடக்கு. மூச்ச இழுக்கக்குள்ள நெஞ்சு விரியும், குழாயும் கொஞ்சம் விரியும். விடக்குள்ள ஒடுங்கும். போன காத்து வெளிய வராம உள்ளயே அடைபட்டா, புதுக் காத்துக்கு எங்க இடம்?”

வடிச்சல் அடைத்த வயலில் பயிர் என்ன ஆகும் என்று ஹஸன் காக்காவுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மூச்சோடு இழுத்து அடக்குகிற விதத்தைச் செய்து காட்டிவிட்டு, மண்ணிறப் பம்ப்பை விடியுமுன் ஸஹர் சாப்பாட்டு நேரம் ஒரு தரமும் நோன்பு திறந்த பிறகு ஒரு தரமும் இழுத்தால் போதும் என்றாள் பூமணி. “ஆனா நீலத்துக்கு நேரம் காலம் இல்ல. முட்டினா அந்த நிமிஷமே. நோன்பப் பத்தி மௌலவியக் கேளுங்க.”

மௌலவி யோசிக்கவே இல்லை. “வருத்தக்காரனுக்கு அல்லாஹ் சலுகை தந்திரிக்கான். முட்டினா இழுங்க. அண்டைய நோன்பு போனதா வெச்சி, பிறகொரு நாளைக்கு அதுக்குப் பதிலாக் கழாப் புடிங்க.”

எல்லாம் சரி. ஆனால் அவருக்குப் பயம் றம்ஸீன் மேல். பள்ளிவாசல் நிர்வாகத்தில் கஞ்சிக்குப் பொறுப்பானவன் அவன். வயதில் இளையவன், வாயில் மூத்தவன். போன வருடம் நோன்பு நேரத்தில் தேத்தண்ணி குடித்த ஒருவரைத் தெருவெல்லாம் கேட்கக் கத்தியவன். நோன்பில்லாதவன் காய்ச்சின கஞ்சியா என்று அவன் கேட்டுவிட்டால்? கிடாரம் கையை விட்டுப் போனால் பிறகு அவர் வெறும் கூலிக்காரர்தானே. நீலப் பம்ப் இடுப்பில் சாரன் மடிப்பிலேயே கிடந்தது.

ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை முடிந்து சனம் வாளியும் சட்டியுமாக வந்து நின்றது. கஞ்சி கொதித்து வந்த நேரம், கொண்டல் காற்று திரும்பிப் புகை முழுவதையும் அவர் முகத்தில் அடித்தது. ஒரு இருமல். இன்னொன்று. அதற்குப் பிறகு மூச்சு வெளியே வரவில்லை. நெஞ்சு முட்ட முட்டக் காற்று, ஆனால் ஒரு வாய்க் காற்றுக்கு இடமில்லை. அகப்பை கிடாரத்துக்குள் விழுந்தது. முருங்கை மரத்தைப் பிடித்துக் குனிந்தார். எதிரே றம்ஸீன். மானம் ஒரு பக்கம் இழுத்தது, உயிர் ஒரு பக்கம்.

மடிப்பை அவிழ்த்தார். பூமணி காட்டிய மாதிரியே இருக்கிற மூச்சை விட்டு, அடித்து, மெல்ல உள்ளே இழுத்து, அடக்கினார். திரும்பவும் இழுத்தார். துப்பவில்லை.

ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏதோ மதகு திறந்தது. மூச்சு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பிடித்த நோன்பு போய்விட்டதே என்று அந்த வயதிலும் தேம்பி அழுதார்.

றம்ஸீன் வந்து பக்கத்தில் குந்தினான். “இவ்வளவு நாளும் இத மடிக்குள்ள வெச்சிக்கிட்டா நெருப்புக்குள்ள நிண்டீங்க? நோன்பக் கழாச் செய்யலாம் காக்கா. மூச்சக் கழாச் செய்ய ஏலா. நாளைக்கு நெருப்புப் பக்கம் நான் நிக்கன். நீங்க காத்துப் பக்கம் கதிரையில இருந்து சொல்லுங்க.”

பிறகு ஒரு சிரட்டையில் கஞ்சி அள்ளி, ஊதி ஆற்றிக் கொண்டுவந்தான். “இன்னும் உப்புப் பாக்கல்ல.”

ஹஸன் காக்கா நுனிநாக்கில் வைத்தார். பழக்கதோசம், துப்புவதற்கு மரத்தடிப் பக்கம் திரும்பிவிட்டார்.

“முழுங்குங்க காக்கா,” என்றான் றம்ஸீன்.

விழுங்கினார். அத்தனை வருடக் கஞ்சியில் அந்தக் கிடாரத்தடியில் அவர் விழுங்கிய முதல் வாய். இஞ்சியும் உள்ளியும் மணக்க அது பின்வழியால் இறங்கியது. முன்வழியால் மூச்சு போய் வந்துகொண்டிருந்தது.

“உப்புக் காணா மனே, இன்னும் கொஞ்சம் போடணும்,” என்றார்.