கோதுமை ஊரில் மழை வாழ்த்து

கான்சாஸில் வயலுக்கு வரப்பு கிடையாது. காரில் அரைமணி நேரம் போனாலும் ஒரே கோதுமை. வரப்பில்லாத ஊரில் பங்காளிகள் எதை வெட்டிச் சண்டை போடுவார்கள் என்பது கீழ்வேளூர்க்காரனான எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய கையோடு, ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின விழாவில் கவிதை வாசிக்கச் சொன்னார் பக்கத்து வீட்டு டேல். கோதுமை விவசாயி; விழாக் கமிட்டிக்காரர். நான் கவிஞன் என்று அவரிடம் அளந்துவிட்டிருந்தேன். உண்மையில் எழுதியதெல்லாம் கல்யாண வாழ்த்து மடல்தான். “எல்லாரும் சமம்னுதானே இந்த நாட்டை ஆரம்பிச்சாங்க. அதையும் நம்ம சமவெளியையும் சேர்த்து எழுதுங்க” என்றார். அந்த ‘நம்ம’வில் விழுந்துவிட்டேன். இத்தனை வருடம் இந்தியாக்காரனாகவே இருந்தவன், அன்றைக்காவது இந்த ஊர்க்காரன் ஆகிவிட வேண்டும்.

சமத்துவம் என்றதும் எனக்குத் தெரிந்தது தண்ணீர்தான். எங்கள் நிலம் கடைமடை. மேலே இருப்பவர்கள் வயல் நிரம்பி, மிச்சம் வந்தால் எங்களுக்கு. அப்பா மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் காத்துக் கிடப்பார். மழைக்கு மட்டும் மேல்மடை, கடைமடை தெரியாது. அதையே ஆங்கிலத்தில் எழுதினேன். மனைவி கமலா படித்துவிட்டு, “நல்லாருக்குங்க. கீழ மாமன் மச்சான் பேரு மட்டும்தான் இல்ல” என்றாள்.

மேடையில் கடைசி வரிகளைக் குரல் உயர்த்தி வாசித்தேன். தமிழில் சொன்னால் இப்படி:

சமமென்று சொன்ன மண்ணில்
சமமாய்ப் பொழிக மழை, இன்றே!
எல்லார் வயலிலும் தண்ணீர் நிற்கட்டும்!

கைதட்டல் இல்லை. எல்லாரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். டேல் என் காதருகே வந்தார்.

“அறுவடை பாதிதான் முடிஞ்சிருக்கு. எங்க மேல உங்களுக்கு என்ன கோபம்?”

முற்றிய கதிர் நனைந்தால் என்னவாகும் என்று எனக்குத் தெரியாதா? சம்பா அறுவடையில் மழை பெய்து அழுத குடும்பம்தான் எங்களுடையதும். ஆனால் ஜூலை என்றால் என் தலைக்குள் குறுவை விதைத்துத் தண்ணீருக்குக் காத்திருக்கும் மாதம். எனக்குக் கிடைத்த குடியுரிமை என் காலண்டருக்கு இன்னும் கிடைக்கவில்லை. மறுபடி மைக்கைப் பிடித்து, “அறுவடை முடிந்து வரட்டும்” என்று மழையை வாபஸ் வாங்கினேன். அதற்குத்தான் கைதட்டினார்கள்.

சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. டேலின் அறுவடை இயந்திரம் விளக்குப் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. போனில் அண்ணன்.

“மேட்டூர்ல தொறந்து என்னடா, நம்ம வாய்க்காலுக்கு வரல. வெதச்சது காயுது. அங்க மழை உண்டா?”

“வர்ற மாதிரிதாண்ணே இருக்கு. இவங்க வேணாங்கிறாங்க.”

“வேணாம்னா இங்க அனுப்புடா.”

ஒரு கையில் போனைப் பிடித்தபடி, இன்னொரு கையால் மேகத்தைப் போ போ என்று தள்ளினேன். தள்ளும்போதே, கீழ்வேளூர் எந்தப் பக்கம் என்று திசை பார்த்துக்கொண்டேன்.