சித்தி கிளம்பிய ஞாயிறு

ஞாயிறு மதியம் ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குப் பூந்தமல்லியிலிருந்து சித்தியும் சித்தப்பாவும் வருவார்கள். சாயங்காலம் சித்தி, "சரிக்கா, கிளம்பறோம்" என்பாள். ஒருவரும் அசைய மாட்டார்கள். அம்மா காபிக்குப் பால் வைப்பாள். காபி குடித்து, குங்குமம் வாங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் சித்தி வந்த விஷயத்தையே எடுப்பாள். என்னையும் வழியனுப்ப நிற்க வைப்பார்கள். உள்ளே டிவியில் படம் ஓடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிறு. அக்கா வீட்டுக்காரர் ஃபேக்டரிச் சங்கு ஊதினால் எழுந்து ஓடிப் பழகியவர். சித்தி "கிளம்பறோம்" என்றதுமே பையைத் தூக்கிக்கொண்டார்.

"வாங்கத்தை, பஸ் ஏத்தி விட்டுடறேன்."

புது மாப்பிள்ளையிடம் என்ன சொல்வது? இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனார்கள். திரும்பி வந்தவரை அம்மா முறைத்தாள். எனக்கோ அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

படத்தில் பெயர் போடும்போதே கேட் சத்தம் கேட்டது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தே வந்துவிட்டார்கள்.

"எங்க பொண்ணுக்கு இடம் அமைஞ்சிருக்கு. அதைச் சொல்லவே இல்லியேக்கா!" சித்திக்கு மூச்சு வாங்கியது.

"உள்ள வந்து சொல்லேன்டி."

"இல்லக்கா, நாங்க அப்பவே கிளம்பிட்டோம்."

பையனின் ஊர், வேலை, குணம் எல்லாம் கேட்டருகிலேயே நின்று சொல்லி முடித்தாள். என் படம் போயே போய்விட்டது.

"சரிக்கா, கிளம்பறோம்."

அக்கா வீட்டுக்காரர் பையைத் தொடவில்லை. "காபி குடிச்சிட்டுப் போலாமே அத்தை" என்றார்.